இரண்டாவது காலுறை

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். முகம் மழித்தேன். நேற்றைய ஃபூல் பயறு பாத்திரத்தில் மிச்சம் இருந்தது. சூடாக்கி, எண்ணெய் விட்டு, நின்றபடியே ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டேன். சட்டையைத் தேய்த்தேன். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இஜ்லாலின் கைப்பேசியை எடுத்துச் சார்ஜரில் போட்டேன். அதைத் திறக்க நான்கு இலக்க எண் வேண்டும். தினமும் காலையில் இருபது எண்களைப் போட்டுப் பார்ப்பேன். ஐந்து தவறினால் அரை நிமிடம் பொறுக்கச் சொல்லும். பொறுப்பேன். இன்று 0780 முதல் 0799 வரை. திறக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

திறக்காமலேயே தெரிகிற செய்தி ஒன்று உண்டு. அவள் படிக்காமல் போனது. பூட்டிய திரையில் அப்படியே நிற்கிறது. வியாழன் காலை 7.10. அனுப்பியவர் ஸமீஹ்.

'இன்னிக்கும் நான் பார்த்துக்கறேன். நீ போயிட்டு வா.'

அன்று காலை ஒன்பது மணிக்கு என் மனைவி இறந்தாள். நேற்று நாற்பதாம் நாள் ஓதி முடித்தார்கள். அவள் எங்கே போய்விட்டு வர வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஸமீஹ் யார் என்பது தெரியும். அவள் ஈசிஜி டெக்னீஷியனாக வேலை பார்த்த இதய மருத்துவமனையில் இளம் டாக்டர். உயரமானவன். துக்கம் கேட்க வந்தபோது என் கையைப் பிடித்தான். விடவேண்டிய நேரத்தில் விடவில்லை.

கீழே ஹார்ன் மூன்று முறை அடித்தது. ஷவ்கி.

ஷவ்கி கடற்படையில் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தாடியைப் பார்த்து ஊரே ஹாஜியார் என்கிறது. ஹஜ்ஜுக்குப் போனதில்லை. அவரும் யாரையும் திருத்தியதில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்வது ஒரே தொழில்தான். ஏதாவது மருத்துவமனையில் ஒரு மெஷின் மீது பழி விழுந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். பொய் சொன்னது மெஷினா, மனிதனா என்று கண்டுபிடித்துச் சொல்வோம்.

இன்றைய வழக்குக்கு யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போகிறேன்.

"தூங்கினீங்களா நதீர் எஞ்சினியரே?"

"ம்."

"பொய். கண்ணு ரெண்டும் மஹத்தத் அர்-ரம்ல் டிராம் விளக்கு மாதிரி எரியுது. சரி, சொல்லுங்க. எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. அதுக்குள்ள வேணும்."

விஷயம் இதுதான். நாற்பத்து நான்கு நாட்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, ஃபாயிஸா என்கிற பள்ளி ஆசிரியை நெஞ்சுவலியோடு அந்த மருத்துவமனைக்கு வந்தார். ஈசிஜி எடுத்தார்கள். கோடு முழுக்க நடுக்கம். மாரடைப்பின் அடையாளமான சின்ன ஏற்றம் அந்த நடுக்கத்தில் புதைந்துபோயிற்று. வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் வகுப்பறையில் விழுந்தார். பிழைத்தார், பாதி இதயத்தோடு. அவருடைய மகன் புகார் கொடுத்தார். அந்தத் தாளில் இருப்பது இஜ்லாலின் முத்திரை.

உரிமையாளர் டாக்டர் வஜ்தி தீர்ப்பை முன்பே எழுதி வைத்திருந்தார். டெக்னீஷியனின் கவனக்குறைவு. டெக்னீஷியன் உயிருடன் இல்லை. கோப்பு முடிக்கப்படுகிறது. இரண்டு மணிக்குக் குழு அதில் கையெழுத்துப் போட்டால், என் மனைவியின் பெயர் உலகத்தில் கடைசியாக எழுதப்படும் இடம் அதுவாக இருக்கும்.

*

ஆவண அறையில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். மூன்று மாத ஈசிஜி தாள்களை மேசை மீது பரப்பினோம். நடுக்கம் உள்ளவை ஒன்பது. ஒன்பதிலும் இஜ்லாலின் முத்திரை.

ஷவ்கி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மெஷின் மேல பழியைப் போட்டுடலாமா? அது எதிர்த்துப் பேசாது."

"முதல் மூணு கோட்டைப் பாருங்க ஹாஜியாரே. வலது கைக்கு சிவப்பு கிளிப். அது கெட்டிருந்தா மூணாவது கோடு தப்பிச்சிருக்கும். இடது கை மஞ்சள் கெட்டிருந்தா ரெண்டாவது தப்பிக்கும். இடது கால் பச்சைன்னா முதல் கோடு."

"ஒண்ணும் தப்பலையே. மூணும் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி ஆடுது."

"அப்ப மிச்சம் இருக்கிறது?"

"வலது கால் கறுப்பு. அது எந்தக் கோட்டையும் வரையாதே?"

"வரையாது."

மனித உடம்பு ஓர் ஏரியல். சுவரில் ஓடும் கரண்ட், விளக்கு, விசிறி எல்லாவற்றின் அதிர்வும் உடம்பில் ஏறும். இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறும். மெஷின் இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இதயம் வித்தியாசத்தில் இருக்கிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது கழிந்துபோக வேண்டும். முழுதாகக் கழியாது. அதனால் அந்தப் பொதுச் சத்தத்தை மெஷின் தனியாகக் கேட்டு, தலைகீழாகத் திருப்பி, வலது கால் வழியாக உடம்புக்குள்ளேயே அனுப்பும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். கறுப்புக் கிளிப் அதற்கான வாசல்.

"எங்க பில்டிங் வாட்ச்மேன்தான்" என்றார் ஷவ்கி. "நாள் பூரா பெஞ்சுல உக்காந்து டீ குடிப்பான். என்னடா வேலை செய்யறேன்னு திட்டுவோம். ஒரு வாரம் ஊருக்குப் போனான் பாருங்க, காய்கறிக்காரன், பழைய சாமான்காரன், கட்சிக்காரன் எல்லாம் என் படுக்கையறை வரைக்கும் வந்துட்டான்."

"கேபிள் அறுந்திருக்கலாம்" என்றேன். அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

ஷவ்கி தாள்களை நேர வரிசையில் அடுக்கினார். பிறகு விசில் அடித்தார்.

"எஞ்சினியரே, இங்க பாருங்க. அதே திங்கட்கிழமை. எட்டு நாப்பதுக்கு ஒரு அம்மா. நடுக்கம். எட்டு அம்பத்தஞ்சுக்குத் துறைமுக குமாஸ்தா ஒருத்தர். பளிங்கு மாதிரி சுத்தம். ஒம்பது அஞ்சுக்கு மிஸ் ஃபாயிஸா. நடுக்கம். அதே மெஷின், அதே கேபிள், அதே கட்டில்."

"மத்தது?"

"ஒம்பதும் பொம்பளைங்க. ஆம்பளைங்க ஒருத்தருக்குக்கூட இல்ல. மெஷினுக்குப் பொம்பளைன்னா நடுக்கமா? எனக்கும் உண்டு. ஆனா எனக்கு எல்லாக் கிழமையும் உண்டு. இதுக்குத் திங்களும் வியாழனும் மட்டும். அதுவும் காலைல எட்டுலேருந்து பத்து வரைக்கும்."

மற்ற நாட்களில் வந்த பெண்களின் தாள்களைத் தேடினேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் சுத்தம்.

இஜ்லால் ஒருமுறை சாப்பிடும்போது சொன்னாள். இந்த ஊர்ப் பெண்கள் இதயத்தைக்கூடக் காட்டிவிடுவார்கள், கணுக்காலைக் காட்டமாட்டார்கள். அதனால் அவள் முதலில் திரையை இழுத்து ஊக்குக் குத்துவாள். கதவைத் தாழிடுவாள். பிறகு நீண்ட காலுறைகள் இரண்டையும் தன் கையால் கழற்றுவாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே. இரண்டையும்.

"ஹாஜியாரே, நைலான் காலுறை மேல கிளிப்பைப் போட்டு ஜெல்லையும் தடவினா என்ன ஆகும்?"

"கொஞ்சம் ஊறும். மெஷின் கம்பி கழண்டுடுச்சுன்னு கத்தாது. ஆனா வாட்ச்மேன் அரைத்தூக்கத்துல இருப்பான்."

"ஒரு பொண்ணுகிட்ட ரெண்டு காலுறையையும் கழட்டச் சொல்ல யாருக்கு வாய் வராது?"

ஷவ்கி கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

ஓர் ஆணுக்கு. அதுவும் கறுப்பு கோடு வரையாது என்று படித்துத் தெரிந்துகொண்ட ஆணுக்கு. அவன் ஒரு காலுறையோடு நிறுத்திக்கொள்வான். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வான்.

இன்னிக்கும் நான் பார்த்துக்கறேன். நீ போயிட்டு வா.

*

ஃபாயிஸா இரண்டாம் மாடியில் பன்னிரண்டாம் அறையில் இருந்தார். குரல் மெலிந்திருந்தாலும் வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு? இன்ஷூரன்ஸா?"

"அவ்வளவு மோசமானவங்க இல்ல மிஸ்" என்றார் ஷவ்கி. "மெஷின் ரிப்பேர். ஒரே ஒரு கேள்வி. கொஞ்சம் வெக்கமான கேள்வி. நான் தாடி வெச்சவன், அதனால நான் கேக்கறேன். அன்னிக்கு உங்க சாக்ஸை யாரு கழட்டினாங்க?"

அவர் ஷவ்கியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நாப்பது நாளா இதை ஒருத்தரும் கேக்கலையே. எல்லாரும் வந்து பேப்பரைப் பார்க்கறாங்க, போறாங்க. நானேதான் கழட்டினேன். ஒரு டாக்டர் தம்பி இருந்துச்சு. உயரமா. முகத்தைச் சுவரு காலண்டர் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னுச்சு. 'மிஸ், இடது கால் மட்டும் போதும், அந்தக் கறுப்பு சும்மாதான்'னுச்சு. எவ்வளவு நல்ல வளர்ப்பு பாருங்க."

"பேரு?"

"கோட்டுல எழுதியிருந்துச்சு. ஸமீஹ்." அவர் தலையணையில் சாய்ந்தார். "எப்பவும் ஒரு பொண்ணு எடுக்கும். அது வியாழக்கிழமை காலைல இங்க வந்து நின்னுச்சு. வேர்த்துக் கொட்டுது. 'தப்பு என்னோடது மிஸ், நான் இருந்திருக்கணும்'னு சொல்லி என் கையைப் பிடிச்சு அழுதுச்சு. அந்தப் பொண்ணு எங்க? அதுக்கப்புறம் காணோமே?"

"இறந்துட்டா" என்றேன்.

"யா ரப்பி. உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"தெரியும்னு நினைச்சேன்."

*

படிக்கட்டில் ஷவ்கி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கேஸ் முடிஞ்சுது எஞ்சினியரே. ஆசிரியையம்மா சாட்சி. தாள் எடுத்தது டாக்டர், முத்திரை மேசை டிராயர்ல கிடந்திருக்கும், எடுத்துக் குத்தியிருக்கான். இஜ்லாலம்மா அந்த அறையிலேயே இல்ல. கவனக்குறைவுங்கிற வார்த்தை போயிடுச்சு. அப்புறம் ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

கைப்பேசியைக் காட்டினேன். அவர் செய்தியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"அதான் தினமும் நோட்டும் நம்பருமா?"

"ம்."

"அட, ரேடியோவைத் திருகித் திருகிப் பார்த்த என்னைவிட மோசம் நீங்க. ஒண்ணு யோசிங்க. அந்த நேரத்துல இவன் ஈசிஜி எடுக்கற மூணாம் அறையில காலண்டரைப் பார்த்துட்டு நின்னிருக்கான். அப்ப அவங்களோட எங்கயும் போகல. இவன் இல்ல."

"இவன் இல்லைன்னா வேற யாரு?"

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

நாற்பது நாட்களாக என் பொறாமைக்கு ஒரு முகம் இருந்தது. உயரம், வெள்ளைக் கோட்டு, விடாத கை. இப்போது அதுவும் இல்லை. எட்டு முதல் பத்து வரை அவள் வேறெங்கோ, வேறு யாருடனோ இருந்தாள். அவளுடைய பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குழுவின் முன் அதைத்தான் நான் நிரூபிக்க வேண்டும். என் மனைவி அங்கே இல்லை, ஐயா. என் மனைவி வேறிடத்தில் இருந்தாள்.

மணி பன்னிரண்டரை.

*

ஸமீஹ் டாக்டர்களின் ஓய்வறையில் தனியாக இருந்தான். முன்னால் ஒரு கிண்ணம் குஷரி, தொடாமல். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

ஷவ்கி ஒன்பது தாள்களையும் அவன் முன் விசிறி போலப் பரப்பினார். "டாக்டர், உங்க டிகிரியில கறுப்புக் கம்பிக்கு எத்தனை மார்க் குடுத்தாங்க?"

அவன் உட்கார்ந்தான். மறுக்கவில்லை. "நான்தான் எடுத்தேன். டாக்டர் வஜ்தி பத்து மணிக்குத்தான் வருவார். அதுக்குள்ள அவ திரும்பி வந்துடுவா. மூணு மாசம் இப்படித்தான் ஓடுச்சு. எனக்குக் கறுப்பு எதுக்குன்னே தெரியாது. எர்த்து வயர்னு நினைச்சேன். மிஸ் ஃபாயிஸா விழுந்த அன்னிக்கு சாயங்காலம் அவதான் தாளைப் பார்த்துட்டுக் கேட்டா, 'எத்தனை சாக்ஸ் கழட்டினே'ன்னு."

"நாப்பது நாளா ஏன் வாயைத் திறக்கல?"

"பயம். லைசென்ஸ் போயிடும்னு பயம். அப்புறம்..." என்னைப் பார்த்தான். "திறந்தா அவ எங்க போனான்னு கேப்பாங்க. அதை உங்ககிட்ட சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

"எங்க போனா?" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. "யாரோட?"

அவன் எழுந்து லாக்கரைத் திறந்தான். பழுப்பு உறை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். அரசு இதய மருத்துவமனையின் உறை. உள்ளே ஈசிஜி தாள்கள், பதினெட்டோ இருபதோ. எல்லாம் திங்கள், எல்லாம் வியாழன். எட்டே கால், எட்டு இருபது, எட்டரை. நோயாளியின் பெயர் இஜ்லால். கோடுகள் துல்லியமாக இருந்தன. இழையளவு நடுக்கமில்லை. கிளிப்புகளை அவளே போட்டிருப்பாள்.

கோடு சுத்தமாக இருந்ததால் நோயும் சுத்தமாகத் தெரிந்தது. டாக்டர் தேவையில்லை. எனக்கே படிக்கத் தெரியும்.

"இதயத் தசை வீங்கிட்டே போச்சு" என்றான் ஸமீஹ். "அங்க அதுக்குத் திங்களும் வியாழனும்தான் பார்ப்பாங்க. நான் எத்தனையோ தடவை சொன்னேன், நதீர்கிட்ட சொல்லிடுன்னு. 'சொன்னா அவன் என்னைப் பொண்டாட்டியா பார்க்கமாட்டான், கேஸா பார்ப்பான். ராத்திரி பூரா என் நாடியைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பான்'னு சொன்னா."

உண்மை. உட்கார்ந்திருப்பேன்.

பொறாமை போகவில்லை. இடம் மாறிக்கொண்டது. இவன் அவளைத் தொட்டிருந்தால்கூட எனக்கு ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும். இவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதம் அவளுடைய இதயம் எப்படித் துடித்தது என்று இவனுக்குத் தெரியும். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாது.

"அன்னிக்கு வியாழக்கிழமை" என்றேன். "அவ அங்க போகல."

"போகல. போயிருந்தா... மிஸ் ஃபாயிஸாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இங்க வந்துட்டா. நான் அனுப்பின மெசேஜைக்கூடப் பார்க்கல. இனிமே தன்னோட பேஷண்டைத் தானேதான் எடுப்பேன்னு சொன்னா."

ஷவ்கி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "எழுதுங்க டாக்டர். நாங்க சொல்லி நீங்க எழுதினதா இருக்கக்கூடாது."

ஸமீஹ் எழுதினான். ஒன்பது தாள்களையும் எடுத்தது நான். முத்திரையைக் குத்தியது நான். ஒரு காலுறையை விட்டது நான். நான் வாங்கிப் படித்தேன்.

"இன்னொரு வரி சேருங்க. தனக்குப் பதிலா இருக்கச் சொல்லிக் கேட்டது அவள்னு."

"அது வேண்டாமே எஞ்சினியர். அவ பேரு..."

"அவளே அதை மிஸ் ஃபாயிஸாகிட்ட ஒத்துக்கிட்டா. நீங்க மறைக்க வேண்டாம். அவ செய்ததை மட்டும் அவ பேருல எழுதுங்க. செய்யாததை எழுதாதீங்க."

சேர்த்தான். கையெழுத்துப் போட்டான். சட்டைப் பையிலிருந்து தன் முத்திரையை எடுத்துக் குத்தினான். "ரெண்டு மணிக்கு நானே படிக்கறேன்" என்றான்.

ஷவ்கி குஷரிக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினார். "அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க. பசி வயித்தோட உண்மை பேசினா பாதியில நின்னுடும்."

அவன் சாப்பிடவில்லை. உறைக்கு அடியிலிருந்து தனியாக மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தான். இந்த மருத்துவமனைத் தாள். வியாழன், 8.52. பெயர் எழுத நேரமில்லாமல் விட்டிருந்தது. பன்னிரண்டு கோடுகளும் சுத்தம். கடைசிக் கோட்டின் பாதி வரைதான் துடிப்பு ஒழுங்காக வந்தது.

"இதை எடுத்தது யாரு?"

"நான்தான்."

"நடுக்கம் இல்லையே."

"இல்ல."

அவனுடைய கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பார்த்தேன்.

"டாக்டர் வஜ்தி துக்க வீட்டுல உங்ககிட்ட ஒண்ணு சொன்னார்" என்றான். "உங்க பேரைச் சொல்லிட்டே கண்ணை மூடினாங்கன்னு. அவர் அந்த அறையிலயே இல்ல. எல்லா வீட்டுலயும் அதைத்தான் சொல்வார். இருந்தது நான் மட்டும்தான்."

"சொல்லுங்க."

"மிஸ் ஃபாயிஸாவைப் பார்த்துட்டு இறங்கி வந்தா. மூணாம் அறைக் கட்டில்ல அவளே ஏறிப் படுத்தா. 'எடு'ன்னா. கை ரெண்டுக்கும் போட்டேன். இடது சாக்ஸைக் கழட்டிப் பச்சையைப் போட்டேன். கறுப்பை எடுத்து, வலது சாக்ஸ் மேலயே வைக்கப் போனேன். அவ மெஷின் திரையைப் பார்த்துட்டிருந்தா."

"என்ன சொன்னா? அவ சொன்னது மட்டும்."

ஸமீஹ் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அதையும் கழட்டு டாக்டர், வெக்கப்பட்டது போதும். கோடு நடுங்கினா நதீர் என்னைத்தான் திட்டுவான்."